வெறும் தேத்தண்ணி, ஐஸ் போட்டு

அந்த வாரம் வேலப்பன்சாவடியில் ஐஸ் டீ குடித்தவர்கள் எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்துக்கொண்டுதான் குடித்தார்கள். எங்கோ ஓர் ஊரில் ஓர் ஆளை மின்கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அடிபடுகிறவனின் தலை தொங்கிக் கிடப்பதால் முகம் தெரியவில்லை. அடிக்கிறவர்களின் செருப்புகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. குழந்தை பிடிக்கிறவன் என்று கீழே எழுதியிருந்தது. எந்த ஊர், எந்த வருடம், யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்ட்ராவை வாயில் வைத்தபடி பார்த்தார்கள். முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்தார்கள்.

அதற்குள் நசரத்பேட்டையில், அதே சந்தேகத்தில், தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்த ஒரு பெண்ணைச் செருப்பால் அடித்துத் தலைமயிரை அறுத்துவிட்டார்கள். அந்த வீடியோவும் வந்தது.

"இந்தப் புள்ள புடிக்கிறவனுங்க எவனாவது என் கையில மாட்னான்னு வெய்யி மாமே," என்றான் டில்லிபாபு, "கம்பத்துல கட்ற வேலையே கெடையாது. அங்கியே முடிச்சிருவேன்."

டில்லிபாபு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ரோஷினியை அந்த வாரம் முழுக்கப் பள்ளி வேனில் அனுப்பவில்லை. சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு அவனே போய்க் கூட்டிவந்தான். வழியில் தங்கராஜின் டீக்கடையில் நிறுத்தி, அவன் ஒரு ஐஸ் டீ குடிப்பான். ரோஷினிக்குத் தங்கராஜின் மனைவி ஆக்னஸ் ஒரு துண்டு ஐஸ் கொடுப்பாள்.

கடை நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், கல்லூரிப் பேருந்துகள் திரும்புகிற இடத்தில் இருந்தது. ஒற்றை ஷட்டர். வாசலில் சாக்கில் சுற்றிய ஐஸ் பாறை, அதை உடைக்க ஒரு மரச் சுத்தியல். உள்ளே அடுப்பில் கொதிக்கிற டிக்காஷன், பக்கத்தில் ஆறவைத்த டிக்காஷனோடு ஓர் எவர்சில்வர் அண்டா. சர்க்கரையும் கல்லாவும் ஆக்னஸின் பொறுப்பு.

தங்கராஜ் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். ஐஸ் டீ என்றால் பால், சர்க்கரை தூக்கலாக, ஒரே மடக்கு, மிச்ச ஐஸை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டே பைக்கைக் கிளப்புவது. உலகம் முழுக்க இப்படித்தான் குடிக்கிறது என்று நினைத்திருந்தார். சுற்றிலும் இருந்த காலி மனைகள் அடுக்குமாடிகளாகி, தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் சம்பளக்காரர்கள் வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஐஸ் டீயை ஆற்றித் தரச் சொன்னார். தங்கராஜ் சிரிக்காமல் ஆற்றிக் கொடுத்தார். நாகர்கோவில் லிபின் பால் பக்கமே வரமாட்டான். "அண்ணே, கட்டன் ஒண்ணு, ஐஸ் இட்டு" என்பான். திருநெல்வேலி ஆட்கள் கொஞ்சம் நன்னாரி விடச் சொல்வார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் குடிப்பதற்கு முன்பே காசைக் கொடுத்துவிட்டு, "ஐஸ் மட்டும் கொஞ்சம் கம்மியா போடுங்ணா" என்று கெஞ்சுவார்கள். மதுரையிலிருந்து வந்த ஜெகதீஷ், கடைக்குப் பின்னால் மூன்றாம் தெருவில் ஃப்ளாட் எடுத்திருக்கும் கம்ப்யூட்டர்காரன், பாதி குடித்ததும் டம்ளரை நீட்டுவான். ஊரில் அப்படி நீட்டினால் மிச்சத்தை ஊற்றுவார்களாம். முதல் நாள் தங்கராஜ் அதைச் சண்டைக்கு இழுப்பதாக நினைத்தார். இரண்டாம் நாள் ஊற்றினார்.

மெல்ல மெல்ல அது ஒரு விளையாட்டாகி, பிறகு ஒரு பெயராகிவிட்டது. புதிதாக வருகிறவன் கேட்டு வாயை மூடுவதற்குள் தங்கராஜ் ஊரைச் சொல்லிவிடுவார். கூட்டம் கைதட்டும்.

"இது இன்னா மாமே, ஜோசியமா?" என்று டில்லிபாபு கேட்பான்.

"ஜோசியம் தப்பும். நம்முது தப்பவே தப்பாது."

அன்று பிற்பகல் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கலாம். கறுத்து மெலிந்த ஆள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். கையில் துணிக்கடைப் பை. எதிர்ப்பக்கம் இருந்த கல்லூரியின் கேட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, பிறகு கடைக்கு வந்தார்.

"ஒரு வெறும் தேத்தண்ணி தாங்க. ஐஸ் போட்டு," என்றார். "சீனி கோப்பையில வேணாங்க. கையில தாங்க."

"கையிலயா?" என்றாள் ஆக்னஸ்.

அவர் உள்ளங்கையை நீட்டினார். ஆக்னஸ் ஒரு கரண்டி சர்க்கரையை அதில் கொட்டினாள். அவர் டம்ளரை வலக்கையில் பிடித்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் நாக்கு நுனியால் லேசாகத் தொட்டு, ஒரு வாய் குடித்தார். மறுபடி நாக்கு, மறுபடி ஒரு வாய். அவசரமே இல்லை. கடையில் நின்றிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"மாமே, ரெடி!" என்று டில்லிபாபு கையைத் தட்டினான். "இது எந்த ஊரு ஸ்டைலு? சொல்லு பாக்கலாம்."

தங்கராஜ் பிழிந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். "ராம்நாடு. கடலோரம்."

"இல்லீங்க," என்றார் வந்தவர், கொஞ்சம் சிரித்து.

"அப்போ நாகப்பட்டணம்."

"இல்லீங்க. கோத்தகிரிங்க."

"போச்சுடா!" என்று ஜெகதீஷ் கத்தினான். "அண்ணே அவுட்டு! ரெண்டு பந்துலயும் அவுட்டு!"

டில்லிபாபு விசிலடித்தான். ரோஷினி எதற்கென்று தெரியாமல் தானும் கைதட்டினாள். தங்கராஜின் காது சூடாகிவிட்டது.

"கோத்தகிரிக்காரங்கோ என் கடைக்கு வராம இல்ல," என்றார். "ஏனுங்ணான்னுதான் ஆரம்பிப்பாங்க. தேத்தண்ணின்னு எவனும் சொன்னதில்ல. கையில வாங்கி நக்குனதும் இல்ல. யோவ், சொந்த ஊரு எது? அத்த சொல்லு."

அந்தக் கேள்வியில் வந்தவரின் சிரிப்பு நின்றுபோனது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "கோத்தகிரிதாங்க," என்றார் மறுபடி, குரல் இறங்கி.

"பாத்தியா, முழிக்கிறான்," என்று தங்கராஜ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் அவுட்டுல்லாம் இல்ல. இந்தாளு புளுகறான். இவன் தமிழ்நாட்டுக்காரனே கெடையாது. எழுதி வெச்சுக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடங்கியது. வந்தவர் ஓரமாகப் போய், கடை வாசல் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் கல்லூரிப் பேருந்து ஹாரன் அடித்தது. டில்லிபாபு ஆட்டோவை ஓரங்கட்டப் போனான். ஐஸ் துண்டை உறிஞ்சிக்கொண்டு ரோஷினி அந்த ஆளின் எதிரே போய் நின்றாள். அவர் சர்க்கரையை நக்குவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. தானும் கையை நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே தன் உள்ளங்கையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அவரைப் போலவே நாக்கை நீட்டினாள்.

ஆட்டோவை நிறுத்திவிட்டுத் திரும்பிய டில்லிபாபு பார்த்தது அதைத்தான்.

முதல் அடி விழுந்தபோது தங்கராஜ் பாலை அளந்துகொண்டிருந்தார். ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல் ஒரு சத்தம். டில்லிபாபுவின் கைக்குள் ஆட்டோச் சாவி இருந்தது. அது அந்த ஆளின் புருவத்துக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. டம்ளர் தெறித்தது. அவர் கையை முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் இரண்டாவது அடி வாயில் விழுந்தது.

"பொடி குடுக்கிறான்டா! என் பொண்ணுக்கு வெள்ளப் பொடி குடுக்கிறான்டா!"

அந்தக் கூச்சலுக்குத்தான் ஊரே ஒரு வாரமாகக் காத்திருந்ததுபோல் இருந்தது. பைக்குகள் நின்றன. பேருந்து ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். ஃப்ளாட் செக்யூரிட்டி தடியோடு வந்தார். யார், என்ன என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கும் ஒரு சொல்லில் பதில் கிடைத்தது. ஜெகதீஷ் முதலில் "ஏய், இருங்க, இருங்க" என்றுதான் உள்ளே புகுந்தான். யாருடைய முழங்கையோ அவன் மூக்கில் பட்டது. அதற்குப் பிறகு அவனும் உதைத்தான்.

"அது சக்கரடா!" என்று ஆக்னஸ் கத்தினாள். "என் கட சக்கரடா! நான்தான்டா குடுத்தேன்!"

யாருக்கும் கேட்கவில்லை. ரோஷினியை யாரோ தூக்கி, வாயில் விரலைவிட்டு வாந்தியெடுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அலறியது. அந்த அலறல் இன்னும் நாலு பேரைக் கொண்டுவந்தது.

"என் மக... எதுத்த காலேஜுல..." என்று அந்த ஆள் தரையிலிருந்து சொன்னார். "நர்சு படிக்குதுங்க... தாட்சாயிணி..." சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கப் பார்த்தார். செக்யூரிட்டி அதைப் பிடுங்கித் தரையில் அடித்தார். ஒருவன் துணிக்கடைப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். புது சுடிதார் ஒன்று விழுந்தது. அட்டையில் குத்திய ஹேர் கிளிப்புகள், ஒரு சானிட்டரி நாப்கின் பொட்டலம், ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் ஏதோ தின்பண்டம்.

"பொம்பளப் புள்ள துணி வெச்சிருக்கான்டா! கிளிப்பு, மிட்டாயி எல்லாம் ரெடியா கொணாந்திருக்கான்!"

அதோடு மனிதர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. ஐஸ் சாக்கைக் கட்டியிருந்த கயிற்றை ஒருவன் உருவினான். அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டுபோய்க் கல்லூரி அறிவிப்புப் பலகையின் இரும்புத் தூணில் கட்டினார்கள். கைகளைப் பின்னால் முறுக்கி, மார்புக்குக் குறுக்கே இரண்டு சுற்று. வீடியோவில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே. எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்பதுகூட அவர்களுக்குப் பழகியிருந்தது. லிபின் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அதை அவன் இறக்கவே இல்லை.

தங்கராஜ் கடையைவிட்டு இறங்கவில்லை. பாலளக்கும் டம்ளர் இன்னும் கையிலேயே இருந்தது. யாரோ மிதித்த அந்தத் தின்பண்டப் பை வெடித்து, அவர் காலடிக்கு உருண்டு வந்தது. உள்ளே அடுக்கடுக்காகப் பொரிந்த, மொரமொரப்பான வர்க்கி. மலைப்பக்கம் போய்வருகிறவர்கள் எல்லோரும் வாங்கி வருகிற வர்க்கி. பையின் மேல் ஒரு பேக்கரியின் பெயரும் அதற்குக் கீழே ஊரும் சிவப்பாக அச்சிட்டிருந்தன. கோத்தகிரி.

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு ஓடினார்.

"உடுங்கடா! கோத்தகிரிதான்டா அவன்! உடுங்க!" கூட்டத்தை முதுகுப்பக்கமிருந்து பிய்த்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு முழங்கை அவர் விலாவில் இறங்கியது. டில்லிபாபுவின் தோளைப் பிடித்துத் திருப்பினார். "டில்லி, நான் சொன்னது தப்புடா. தமிழ் ஆளுதான். நான் தெரியாம சொல்ட்டேன்."

டில்லிபாபுவின் முகத்தில் வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. "தப்பா? நீயா?" என்றான். "தப்பவே தப்பாதுன்னு நீதான சொல்லுவ மாமே. இவ்ளோ நாளு ஒரு வாட்டியாவது தப்பா போச்சா? இப்ப அவன் செத்துருவான்னு பயந்துகினு மாத்திப் பேசாத."

"டேய், பையில ஊரு பேரு கீதுடா, வந்து பாரு—"

"அண்ணன்தான் மொதல்ல சொன்னாரு!" என்று யாரோ பின்னாலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு விளக்கினான். "டீக்கட அண்ணன். பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டாரு, வெளியூரான்னு."

தங்கராஜைச் சுற்றி மரியாதையாக இடம் விட்டார்கள். அவரைப் பாராட்டும் முகத்தோடு பார்த்தார்கள். அவர் எவ்வளவு கத்தினாலும் அந்த மரியாதையை உடைக்க முடியவில்லை. தூணில் கட்டப்பட்டவரின் தலை முன்னால் தொங்கியது. இடது கண் இருந்த இடம் மூடிப்போய் வீங்கியிருந்தது. வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் நூலாக இறங்கியது. பேருந்து ஓட்டுநர் செக்யூரிட்டியிடமிருந்து தடியை வாங்கி, இரண்டு கையாலும் ஓங்கி, அவர் முழங்காலில் அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒருவன், "ஐயோ" என்றான். ஒருவன், "தலையில போடு" என்றான்.

டில்லிபாபு கீழே கிடந்த ஒரு சிமென்ட் கல்லை எடுத்தான்.

தங்கராஜ் திரும்பிக் கடைக்கு ஓடினார். அவர் பயந்து ஓடுவதாக நினைத்து யாரும் கவனிக்கவில்லை. ஐஸ் பாறைமேல் கிடந்த மரச் சுத்தியலோடு திரும்பி வந்தார். டில்லிபாபு கல்லைத் தலைக்குமேல் தூக்கியிருந்தான். தங்கராஜ் அவன் மணிக்கட்டில் அடித்தார். தினமும் ஐஸ் உடைக்கிற கை. எங்கே அடித்தால் பிளக்கும் என்று அதற்குத் தெரியும்.

கல் டில்லிபாபுவின் காலருகே விழுந்தது. அவன் கத்தவில்லை. மணிக்கட்டைப் பார்த்தான். கை வேறு யாருடையதோபோல் தொங்கியது. பிறகுதான் முழங்காலிட்டு உட்கார்ந்து அலறினான்.

பேருந்து ஓட்டுநர் தடியோடு தங்கராஜைப் பார்த்து வந்தார். தங்கராஜ் சுத்தியலை அவர் தோளில் இறக்கினார். அடுத்து யார் என்று பார்க்காமல் சுழற்றினார். யாருடையதோ ஒரு போன் நொறுங்கியது. கூட்டம் ஓர் அடி பின்வாங்கிய அந்தச் சமயத்தில் பின்னாலிருந்து, "வழி உடுங்கடா பேமானிங்களா!" என்ற குரல் கேட்டது. ஆக்னஸ் அடுப்பிலிருந்த டிக்காஷன் பாத்திரத்தை இரண்டு துணிகளால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பாதியைத் தார்ச்சாலையில் வீசி ஊற்றினாள். ஆவி எழுந்தது. தெறித்த பாதங்கள் துள்ளின. "மீதி மூஞ்சில! எவன் வரான், வா!"

கயிற்றின் முடிச்சைத் தங்கராஜ் அவிழ்த்தார். அந்த ஆள் அப்படியே அவர்மேல் சாய்ந்தார். எடையே இல்லை. இழுத்துக்கொண்டு கடைக்குள் போட்டார். ஆக்னஸ் பின்னாலேயே நுழைந்து ஷட்டரை இழுத்து விட்டாள்.

உள்ளே ஒரே இருட்டு. அடுப்பின் நீல நெருப்பு மட்டும். வெளியே ஷட்டரை உதைத்தார்கள். ஒவ்வோர் உதைக்கும் தகரம் உள்ளே வளைந்து திரும்பியது.

"தங்கராஜு, தொற! அவன எங்க கையில குடுத்துரு. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"கைய ஒடச்சிட்டான்டா! அவன் கூட்டாளிதான்டா இவனும்!"

ஆக்னஸ் போலீசுக்கும் 108-க்கும் பேசினாள். பிறகு துண்டில் ஐஸை அள்ளிக்கட்டி, தரையில் கிடந்தவரின் கண்மேல் வைத்தாள். அவர் முனகினார். பல் உடைந்த வாய்.

"காலேஜுல கீறது உங்க பொண்ணா?" என்று ஆக்னஸ் குனிந்து கேட்டாள்.

தலை அசைந்தது. "அஞ்சு மணிக்குத்தான்... வெளிய விடுவாங்கன்னாங்க. அதுவரைக்கும்... ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்னு..."

தங்கராஜ் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. "கோத்தகிரின்னா," என்றார், "அந்தப் பேச்சு, அந்த..."

அந்த ஆள் கண்ணைத் திறக்காமல், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்களாம். அரசாங்கம் கோத்தகிரியில் தோட்ட வேலை கொடுத்தது. அவர் அங்கேதான் பிறந்தார். பேச்சு மட்டும் வீட்டிலிருந்து வந்தது. "சீனிய கோப்பையில போட்டா... ஒரு தேத்தண்ணியோட தீந்துருங்க. கையில வெச்சுக்கிட்டா... மூணுக்கு வரும். எங்க தோட்டத்து லய வீடுங்கள்ல எல்லாரும் அப்படித்தான்." ஆக்னஸ் துண்டைத் திருப்பி வைத்தாள். "சொந்த ஊரு கேப்பாங்க. சிலோன்னு சொன்னா... அகதியான்னு கேப்பாங்க. அதான் சொல்றதில்ல."

ஷட்டரின் கீழ்முனையில் ஒரு கடப்பாரை நுழைந்தது. ஆக்னஸ் அதன்மேல் ஏறி நின்றாள். மிச்சமிருந்த டிக்காஷன் அடுப்பில் மறுபடி கொதித்தது.

இரைச்சலுக்கு நடுவே ஆம்புலன்சின் ஒலி வந்தது. நெருங்கி வந்து, நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே அலறிக்கொண்டிருந்தது. கூட்டத்தைத் தாண்டி அதனால் வர முடியவில்லை என்று இருவருக்கும் புரிந்தது. போலீஸ் இன்னும் வரவில்லை.

"இன்னா பண்ணலாம்?" என்றாள் ஆக்னஸ்.

அந்த ஆளின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. தங்கராஜ் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நெஞ்சுக்குள் தண்ணீர் புரள்வதுபோல் ஒரு சத்தம்.

"தொற," என்றார்.

"அடிச்சே கொன்னுருவானுங்க. உன்னியும் சேத்து."

"இங்க வெச்சிருந்தா நாம கொன்னுருவோம். தொற, ஆக்னஸு."

அவர் அந்த ஆளைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டார். உடைந்த கால் தொங்கி ஆடியபோது அந்த ஆள் ஊளையிட்டார். ஆக்னஸ் ஒரு கையால் ஷட்டரை மேலே தள்ளிவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றாள். வெளிச்சத்தில் கண் கூசியது.

கூட்டம் இருந்தது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் முதலில் அடித்தவர்களில் பாதிப்பேர் பின்வரிசைக்குப் போயிருந்தார்கள். டில்லிபாபு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் தோளைக் கட்டிக்கொண்டு ரோஷினி நின்றாள். "எனக்கு ஒண்ணும் ஆவலப்பா. இனிப்பாத்தான்பா இருந்துச்சு," என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

ஆக்னஸ் நடந்தாள். பாத்திரத்திலிருந்து ஆவி அவள் முகத்தில் அடித்தது. அவள் போகப் போக ஆட்கள் விலகினார்கள். தங்கராஜ் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். பக்கவாட்டிலிருந்து ஒரு கல் வந்து அவர் நெற்றியில் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. துடைக்கக் கையில்லை. இன்னொரு கல் தூக்கியிருந்த ஆளின் இடுப்பில் விழுந்தது. அந்த உடம்பு அவர் கைக்குள் துள்ளி அடங்கியது. ஒருவன் காலை நீட்டித் தடுக்கப் பார்த்தான். ஆக்னஸ் பாத்திரத்தைச் சாய்த்தாள். கால் கூட்டத்துக்குள் போய்விட்டது.

ஆம்புலன்சின் பின்கதவை நெருங்கும்போது, ஜெகதீஷ் பக்கத்தில் வந்து நின்றான். மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது. சட்டைக் கை கிழிந்திருந்தது. தினமும் பாதி குடித்த டம்ளரை நீட்டும்போது பேசுகிற அதே குரலில், "எந்த ஊராம்ணே?" என்று கேட்டான்.

தங்கராஜ் நிற்கவில்லை.

ஆக்னஸ் மிச்ச டிக்காஷனைச் சாலையில் கொட்டிவிட்டு, பாத்திரத்தையும் அங்கேயே போட்டுவிட்டு, கல்லூரி கேட்டை நோக்கி ஓடினாள். "தாட்சாயிணின்னு நர்சிங் பொண்ணு," என்று வாட்ச்மேனிடம் அவள் கத்துவது கேட்டது. தங்கராஜும் ஏறி, ஆம்புலன்சின் கதவு சாத்தப்பட்டதும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர் இளைஞர். முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினார், நாடியைப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினார். "நாடி கீது," என்றார் ஓட்டுநரிடம். "கொஞ்சம் வேகமா ஓட்டு." பிறகு தங்கராஜிடம் திரும்பினார். "பேரு இன்னா சார் இவருக்கு?"

தங்கராஜுக்குத் தெரியாது. ஊரைத்தான் கேட்டிருந்தார், திரும்பத் திரும்ப. பேரைக் கேட்கவே இல்லை.

"வேலுசாமி," என்றது படுக்கையிலிருந்து ஒரு குரல். முகமூடிக்குள் அது நீராவியாகப் படிந்தது.

"நல்லது. பேசுங்க, பேசிகினே இருங்க. தூங்கிடக் கூடாது. எந்த ஊருங்க ஐயா?"

வேலுசாமியின் திறந்திருந்த ஒற்றைக் கண் மெதுவாகத் திரும்பித் தங்கராஜிடம் வந்து நின்றது. உதடுகள் இறுக மூடிக்கொண்டன. ஊழியர் இன்னொரு தடவை கேட்டார். வேலுசாமி தலையை எதிர்ப்பக்கம் திருப்ப முயன்றார். முடியாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"ஊரு சொன்னாத்தான ஐயா ஊட்டுக்குத் தகவல் சொல்ல முடியும்?"

"கோத்தகிரி," என்றார் தங்கராஜ். "கேட்ட ஒடனே சொல்ட்டாரு. கோத்தகிரி."

ஊழியர் அதை எழுதிக்கொண்டார்.